கரும்புக்கு எதுகை வருந்து

கேள்வி இதுதான்: "சமூகச் சிக்கல் ஒன்றைப் பாடும் கவிதையை எடுத்துக்கொண்டு அதன் எதுகை, மோனை, சந்தம், உணர்ச்சி ஆகியவற்றை ஆராய்ந்து நான்கு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எதுகைக்கு அடிக்கோடு போட்டேன், மோனைக்கு வட்டம் போட்டேன், 'இவை பாடலுக்கு ஓசை நயம் சேர்க்கின்றன' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. என்ன செய்வது?"

உங்கள் மேல் தப்பில்லை. 'நயம் பாராட்டுக' என்ற வினாவுக்கு நம் எல்லோரையும் பழக்கிய விதம் அப்படி. 'மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை' என்று ஒரு வரி, 'காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை' என்று இன்னொரு வரி, கீழே இரண்டிரண்டு சொல்லாக எடுத்துக்காட்டு, அப்புறம் 'இப்பாடலில் அவலச்சுவை மிகுந்துள்ளது' என்று ஒரு முத்தாய்ப்பு. பாட்டு எதைப் பற்றியது என்று தெரியாமலேயே இந்த விடையை எழுதிவிடலாம். நானும் அப்படி எழுதித்தான் தேறினேன். பிறகு பல வருடம் அந்த மாதிரி விடைகளுக்கு மதிப்பெண்ணும் போட்டேன்.

இதில் குறை எங்கே என்றால், கல்யாண வீட்டில் நகைக்கணக்கு எடுப்பது போல எதுகை மோனையை எண்ணுகிறோம். கேட்கவேண்டியது வேறு. இந்தச் சொல்லும் அந்தச் சொல்லும் ஏன் ஜோடி சேர்ந்தன? தாளம் எந்த இடத்தில் தடுக்குகிறது? அழுகை எந்த வரியில் கோபமாக மாறுகிறது? இந்த மூன்றுக்கும் பதில் தேடினால் நான்கு பக்கம் போதாது. பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் பிடிபடாது. ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு செய்து காட்டுகிறேன்.

பாரதியாரின் 'பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்'. 'கரும்புத் தோட்டத்திலே' என்றால் எல்லோருக்கும் தெரியும். முதலில் பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் எதுகையும் புரியாது. 1879 முதல் 1916 வரை, கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலில் பிஜிக்குக் கொண்டுபோனார்கள். 1903-இலிருந்து சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆள் போனது. ஐந்து வருட ஒப்பந்தம். 'அக்ரிமெண்ட்' என்ற சொல் தொழிலாளர் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பது கணக்கு. அந்த எண்ணிக்கையே பெண்களின் நிலையைச் சொல்லிவிடும். மேற்பார்வையாளர் அளந்துவிடும் அன்றாட வேலை, 'கூலி லைன்' என்ற நெருக்கியடித்த வரிசைக் குடியிருப்புகள், பாலியல் கொடுமை. 1913-இல் குந்தி என்ற பெண், தன்னைத் தனியிடத்தில் வேலைக்கு விட்டுப் பலாத்காரம் செய்ய வந்த மேற்பார்வையாளரிடமிருந்து தப்பி ஆற்றில் குதித்தாள். ஒரு படகுச் சிறுவன் அவளைக் காப்பாற்றினான். இந்தச் செய்தி இந்தியப் பத்திரிகையில் வந்து நாடே கொதித்தது. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தவர். கடல் தாண்டி வந்த இந்தச் செய்திகள் அவரையும் எட்டின.

இனி முதல் சரணம்:

கரும்புத் தோட்டத்திலே - அவர்
கால்களும் கைகளும் சோர்ந்து விழும்படி
வருந்து கின்றனரே - ஹிந்து
மாதர்தம் நெஞ்சு கொதித்துக் கொதித்துமெய்
சுருங்கு கின்றனரே - அவர்
துன்பத்தை நீக்க வழியில்லையோ? ஒரு
மருந்திதற் கிலையோ? - செக்கு
மாடுகள் போலுழைத் தேங்குகின்றார் அந்தக்

(பதிப்புக்குப் பதிப்பு சொல் பிரிப்பு கொஞ்சம் மாறும். அதில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.)

எதுகைச் சொற்களை மட்டும் உருவி எடுத்து வரிசையாக வையுங்கள். கரும்பு, வருந்து, சுருங்கு, மருந்து. நான்கிலும் இரண்டாம் எழுத்து 'ரு'. இதோடு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான விடை. இன்னும் ஓர் எழுத்து தள்ளிப் பாருங்கள். ரும்பு, ருந்து, ருங்கு, ருந்து. 'ரு'வுக்கு அடுத்து எல்லா இடத்திலும் மெல்லின ஒற்று, அதன் பின்னால் அதன் இனமான வல்லினம். ம்-ப, ந்-த, ங்-க. வாய்விட்டுச் சொன்னால் நான்கும் ஒரே வார்ப்பில் ஊற்றிய சொற்களாகக் கேட்கும்.

அப்புறம் பொருளைப் பாருங்கள். தமிழில் கரும்பு என்றாலே இனிப்பு. பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நிற்பது. 'கரும்பு தின்னக் கூலியா' என்று பழமொழி. அந்தச் சொல்லுக்கு எதுகையாக பாரதி கொண்டுவந்து நிறுத்துவது 'விரும்பு' இல்லை, 'அரும்பு' இல்லை. இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை, அரைகுறைப் பாட்டுக்காரன் முதலில் எடுப்பது அவற்றைத்தான். இவர் எடுத்தது வருந்து, அடுத்து சுருங்கு. பிழிந்த கரும்பு சுருங்கும். இங்கே சுருங்குவது பெண்களின் மெய். சக்கை என்ற சொல் பாட்டில் எங்கும் இல்லை, ஆனால் எதுகை அதை நம் மனதில் வைத்துவிடுகிறது. கடைசியில் மருந்து. அதுவும் இல்லாத மருந்து. கரும்பில் தொடங்கி மருந்தில்லை என்பதில் முடியும் அந்த நான்கு சொல்லே ஒரு முழு வழக்குரை. கேள்விக்கு என் பதிலின் பாதி இதுதான்: எதுகைச் சொற்களைத் தனியே எழுதி, அவை தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்று கேளுங்கள்.

இரண்டாவது சரணத்தில் பெண், எண்ணம், மண், கண். 'பெண்ணென்று சொல்லிடிலோ ஒரு பேயும் இரங்கும் என்பார்' என்று ஊர்ப்பேச்சு ஒன்றை எடுத்து ஆரம்பிக்கிறார். பேய்கூட இரங்கும் என்கிறார்களே, தெய்வத்தின் எண்ணம் இரங்காதா? கண்ணீர் வெறும் மண்ணில் கலந்துபோகுமா? 'கண்ணற்ற தீவினிலே' என்று வருவதைக் கவனியுங்கள். தமிழில் கண்ணோட்டம் என்றால் இரக்கம். கண்ணற்ற தீவு என்றால் இரக்கமற்ற தீவு, பார்க்க ஆளில்லாத தீவும்கூட. பெண்ணில் ஆரம்பித்த எதுகை கண்ணில்லாத இடத்தில் போய் முடிகிறது.

மோனையை நான் நீட்டப்போவதில்லை. ஆனால் ஒரு நுட்பத்தைக் காட்டியே ஆகவேண்டும், ஏனென்றால் மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். இந்தப் பாட்டில் ஒரு வரி குட்டை, அடுத்த வரி நீளம் என்று மாறி மாறி வருகிறது. அவற்றைக் குறுவரி, நெடுவரி என்று வைத்துக்கொள்வோம். எதுகை குறுவரிகளை ஒன்றோடொன்று கட்டுகிறது. மோனை ஒவ்வொரு குறுவரியையும் அதன் கீழுள்ள நெடுவரியோடு கட்டுகிறது. கரும்பு - கால்கள். மருந்து - மாடுகள். இவை கண்ணில் படும். 'வருந்து - மாதர்', 'சுருங்கு - துன்பம்' இரண்டும் கண்ணில் படாது, மோனை இல்லை என்று விட்டுவிடுவார்கள். வகரத்துக்கு மகரமும், சகரத்துக்குத் தகரமும் இன மோனை. இப்படித் தேடினால் நான்கு சரணங்களிலும் பதினாறு ஜோடியும் சரியாக அமைந்திருக்கின்றன. நான்காம் சரணத்தில் 'தஞ்சமு மில்லாதே' என்ற வரிக்குக் கீழே 'சாகும் வழக்கத்தை' வருவதும் அதே கணக்குத்தான். தஞ்சம் இல்லை, ஆகவே சாவு. இன மோனை அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கிறது.

சரி, சந்தத்துக்கு வருவோம். இங்கேதான் எல்லோரும் வழுக்குவார்கள். பள்ளியில் படித்த நேர், நிரையை வைத்து அலகிட்டால் 'கால்களும் கைகளும் சோர்ந்து விழும்படி' என்பது கூவிளம், கூவிளம், தேமா, கருவிளம். அடுத்த நெடுவரி 'மாதர்தம் நெஞ்சு கொதித்துக் கொதித்துமெய்' தேமாங்காய், தேமா, புளிமா, கருவிளம். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒழுங்கே இல்லாத மாதிரி தெரியும். ஆனால் காதுக்கு இரண்டும் ஒரே அளவாகக் கேட்கிறதே, எப்படி?

ஏனென்றால் இது வெண்பாவோ ஆசிரியமோ இல்லை, பாடுவதற்காக எழுதிய பாட்டு. தலைப்பின் கீழ் ஸைந்தவி ராகம், திஸ்ர சாப்புத் தாளம் என்று பதிப்புகளில் போட்டிருப்பார்கள். சிந்து வகைப் பாட்டுகளுக்கு வேறு அளவுகோல் வேண்டும் என்று புதுவையைச் சேர்ந்த இரா. திருமுருகன் தனியாக இலக்கணமே எழுதினார். அதன்படி குறிலோ நெடிலோ, ஒற்று சேர்ந்ததோ சேராததோ, ஓர் உயிரோசைக்கு ஓர் அசை. அந்த அசைகள் மூன்று மூன்றாகவோ நான்கு நான்காகவோ நடக்கும். மும்மை நடை, நான்மை நடை என்று பெயர். தொடையில் தட்டிக்கொண்டே இதைப் படியுங்கள்:

கால்-க-ளும் | கை-க-ளும் | சோர்ந்-து-வி | ழும்-ப-டி
மா-தர்-தம் | நெஞ்-சு-கொ | தித்-துக்-கொ | தித்-து-மெய்
துன்-பத்-தை | நீக்-க-வ | ழி-யில்-லை | யோ-ஒ-ரு
மா-டு-கள் | போ-லு-ழைத் | தேங்-கு-கின் | றார்-அந்-தக்

பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. தகிட தகிட தகிட தகிட. ஓர் அசை கூடவில்லை, குறையவில்லை. தேமா புளிமாவில் தெரியாத ஒழுங்கு இப்போது தெரிகிறது இல்லையா?

குறுவரியில் எழுத்து குறைவு. ஆனால் தாளத்தின் இடம் அதே பன்னிரண்டுதான். அப்படியானால் மீதி இடத்தை எது நிரப்புகிறது?

க-ரும்-புத் | தோட்-டத்-தி | லே-ஏ-ஏ | ஏ-அ-வர்

பாடுகிறவர் கொஞ்சம் முன்பின்னாக நீட்டலாம். நீட்டும் இடம் மட்டும் மாறாது. தோட்டத்திலே, கின்றனரே, கின்றனரே, கிலையோ. வாயைத் திறந்து நீட்ட வேண்டிய இடத்தில் எல்லாம் ஏகாரமும் ஓகாரமும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒப்பாரியில் பெண்கள் நீட்டும் எழுத்து எது? 'என்னப் பெத்த அம்மாஆ' என்பதைத் தவிர்த்தால் பெரும்பாலும் இந்த ஏயும் ஓவும்தான். அழுகையைப் பற்றிச் சொல்லாமல், அழும் வாய்க்கு இடம் விட்டு வைத்திருக்கிறார். மூன்றாவது சரணத்துக்குப் போனால் இன்னும் ஒன்று தெரியும். முதல் சரணத்தில், கோட்டுக்குப் பின்னால் வரும் 'அவர்', 'ஹிந்து' போன்ற தனிச்சொல்லைத் தவிர்த்துக் குறுவரிக்கு ஏழு அசை. மூன்றாவதில் ஆறுதான். அதிலும் கடைசி இரண்டும் நெடில்: நினைப்-பாரோ, நினைப்-பாரோ, காற்-றே, உரை-யாயோ. சொல் குறையக் குறைய நீட்டல் கூடுகிறது. வீட்டை நினைத்து அழும் சரணத்துக்கு அது பொருந்தியிருப்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

இந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். அதே மூன்றாம் சரணத்தில் ஒரு நெடுவரி:

விம்மி விம்மி விம்மி விம்மியழுங் குரல்

'விம்மி' இரண்டு அசைச் சொல். பாட்டின் நடையோ மூன்று. இரண்டை மூன்றுக்குள் வைத்தால் என்ன ஆகும்?

விம்-மி-விம் | மி-விம்-மி | விம்-மி-ய | ழுங்-கு-ரல்

முதல் தட்டு 'விம்' மேல் விழுகிறது. அடுத்த தட்டு 'மி' மேல். அதற்கடுத்தது மறுபடி 'விம்' மேல். சொல்லின் ஓட்டமும் தாளத்தின் ஓட்டமும் ஒன்றையொன்று தடுக்குகின்றன. தேம்பித் தேம்பி அழும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். மூச்சு சீராக வராது, நடுவில் சிக்கும். அந்தச் சிக்கல் இந்த வரியில் இருக்கிறது. வேண்டுமானால் ஒரு 'விம்மி'யை எடுத்துவிட்டுத் தட்டிப் பாருங்கள், கணக்கு பன்னிரண்டுக்கு வராது. நான்கு தடவை சொன்னது உணர்ச்சி வேகத்தில் நேர்ந்த மிகை இல்லை, அளந்து வைத்தது.

நான்காம் சரணத்தில் இதற்கு எதிரான வேலை நடக்கிறது. 'பட்டு மடிந்து மடிந்து மடிந்தொரு'. 'மடிந்து' மூன்று அசை. நடையும் மூன்று.

பட்-டு-ம | டிந்-து-ம | டிந்-து-ம | டிந்-தொ-ரு

முதல் தட்டுக்குப் பிறகு ஒவ்வொரு தட்டும் 'டிந்' மேல் சரியாக விழுகிறது. சிக்கலே இல்லை. ஒருத்தி, இன்னொருத்தி, இன்னொருத்தி என்று வரிசையாகச் சரிகிற சத்தம். விம்மல் தாளத்தோடு மல்லுக்கு நின்றது, சாவு தாளத்தோடு போகிறது. அடுத்து அவர் எழுதும் சொல் 'சாகும் வழக்கம்'. வழக்கம்! சாவு அங்கே அன்றாடமாகிவிட்டது என்பதைத் தாளம் முன்னாலேயே சொல்லிவிட்டது. இரண்டு வரியும் அடுக்குத்தொடர்தான், தேர்வுத்தாளில் இரண்டுக்கும் ஒரே குறிப்பு எழுதுவோம். ஆனால் செய்யும் வேலை வேறு வேறு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 'மும்மை நடை சோகத்துக்குரியது' என்று எழுதிவிடாதீர்கள். 'வந்தே மாதரம் என்போம் - எங்கள் மாநிலத் தாயை வணங்குதும் என்போம்' பாட்டைத் தட்டிப் பாருங்கள். மா-நி-லத் | தா-யை-வ | ணங்-கு-து | மென்-போம். அதுவும் மூன்றுதான், ஆனால் நெஞ்சை நிமிர்த்தும் பாட்டு. அங்கே வரி 'போம்' என்று மகர ஒற்றில் வாயை மூடி முடிகிறது, ஒரு தீர்மானத்தைச் சொல்கிறது. இங்கே வரி ஏ, ஓ என்று வாயைத் திறந்தே முடிகிறது, ஒரு கேள்வியைத் தொங்கவிடுகிறது. நடை ஒன்றே, முடிப்பு வேறு. அதே போல 'வல்லினம் வந்தால் கோபம், மெல்லினம் வந்தால் சோகம்' என்ற சூத்திரத்தையும் இந்தப் பாட்டே பொய்யாக்கிவிடுகிறது. மிக மெல்லிய சரணம் மூன்றாவது, அதன் எதுகை நாட்டை, வீட்டை, கேட்டு, மீட்டும் என்று முழுக்க வல்லின இரட்டிப்பு. ஆவேசமான சரணம் நான்காவது, அதன் எதுகை நெஞ்சம், பஞ்சை, தஞ்சம், மிஞ்ச என்று மெல்லினத்தில் ஊறியது. எழுத்துக்கு என்று தனியாக உணர்ச்சி கிடையாது. எந்தச் சொல்லில், எந்த இடத்தில் வருகிறது என்பதில்தான் இருக்கிறது.

ஒப்பிடுவதற்கு இன்னொன்றும் தருகிறேன், விடையில் ஒரு பத்தி சேர்க்கலாம். 'நெஞ்சு பொறுக்குதிலையே - இந்த நிலைகெட்ட மனிதரை நினைந்துவிட்டால்' என்ற பாட்டும் பாரதியுடையதே, அதுவும் சமூக நிலையைப் பற்றியதே. நி-லை-கெட்-ட | ம-னி-த-ரை | நி-னைந்-து-விட் என்று அது நான்மை நடை. 'மரத்தில் என்பார், அந்தக் குளத்தில் என்பார்' என்று பேய்க்குப் பயந்தவர்களை நக்கலடித்துக்கொண்டே போகும். பேச்சு நடைக்கு, வசைக்கு, எண்ணி எண்ணிக் குற்றம் சொல்வதற்கு அந்த நான்கு வசதியாக இருந்திருக்கிறது. அங்கே கவிஞன் பக்கத்தில் நிற்பவர்களைத் திட்டுகிறான். இங்கே எட்டாத தூரத்தில் இருப்பவர்களுக்காக அழுகிறான்.

இப்போது உணர்ச்சி. ஒரே சொல்லில் 'அவலம்' என்று முத்திரை குத்துவதற்கு முன்னால் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைக் கொஞ்சம் புரட்டுங்கள். 'இளிவே இழவே அசைவே வறுமையென விளிவில் கொள்கை அழுகை நான்கே' என்கிறது. இழிவுபடுத்தப்படுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தளர்ந்துபோவது, இல்லாமை. அழுகைக்கு இந்த நான்கு ஊற்று. பிஜிப் பாட்டில் நான்கும் இருக்கின்றன. கால்களும் கைகளும் சோர்ந்து செக்கு மாடாகிப் போனது அசைவு. ஏழைகள், பஞ்சை மகளிர் என்பது வறுமை. நாட்டையும் அன்னை வீட்டையும் நினைப்பது இழவு. கற்புக்கு நேரும் கொடுமை இளிவு. ஒரு கவிதைக்கு இப்படிப் பட்டியல் ஒத்துவருவது பெரிய விஷயமில்லைதான். ஆனால் எந்தச் சரணத்தில் எந்த ஊற்று என்று பிரித்தால், சரணங்கள் ஒரே அழுகையை நான்கு தடவை அழவில்லை என்பது தெரியும்.

அடுத்து, அதே இயல் வெகுளிக்கும், அதாவது கோபத்துக்கும், நான்கு காரணம் சொல்கிறது: 'உறுப்பறை குடிகோள் அலைகொலை என்ற'. உறுப்பை அறுப்பது, தன் குடியைச் சேர்ந்தவர்களுக்குக் கேடு செய்வது, அடித்து அலைக்கழிப்பது, கொல்வது. அழுகைக்குக் காரணமான அதே செய்திதான் வெகுளிக்கும் காரணம். அப்படியானால் பாட்டு எந்த இடத்தில் அழுகையிலிருந்து வெகுளிக்கு மாறுகிறது?

இதைக் கண்டுபிடிக்க இரண்டு நூல் பிடித்துக்கொண்டு போங்கள். ஒன்று, அந்தப் பெண்களை எப்படிக் குறிப்பிடுகிறார் என்பது. முதலில் 'அவர்', 'ஹிந்து மாதர்'. பிறகு 'அந்த ஏழைகள்'. மூன்றாம் சரணத்தில்தான் முதல் தடவையாக 'எங்கள் பெண்கள்' என்கிறார். அதுவரை செய்தி, அதற்குப் பிறகு குடும்பத் துக்கம். இன்னொன்று, யாரிடம் பேசுகிறார் என்பது. பாட்டில் ஓகாரக் கேள்விகள் எட்டு. முதல் இரண்டும், வழியில்லையோ, மருந்து இலையோ என்று யாரையும் பார்த்துக் கேட்கவில்லை, தனக்குத்தானே. இரண்டாம் சரணத்தில் தெய்வத்திடம் கேட்கிறார். மூன்றாவதில் அந்தப் பெண்கள் நாட்டை நினைப்பார்களோ, வீட்டை நினைப்பார்களோ என்று ஏங்கிவிட்டு, காற்றிடம் போகிறார்: அவர்கள் அழுத சொல்லை எனக்குத் திரும்பச் சொல்லமாட்டாயா? கடல் நடுவிலிருந்து சேதி கொண்டுவர வேறு யார் இருக்கிறார்கள்? எட்டாவது கேள்வி நான்காம் சரணத்தில்: 'மிஞ்ச விடலாமோ?' இது தெய்வத்திடமும் இல்லை, காற்றிடமும் இல்லை. விடலாமா என்றால் யார் விடுவது? படிக்கிற நாம். ஏழு கேள்வி ஏக்கம், எட்டாவது கேள்வி குற்றச்சாட்டு. திருப்பம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. உடனே 'ஹே வீர கராளி, சாமுண்டி, காளீ' என்று கூப்பிடுகிறார். இரண்டாம் சரணத்தில் பொதுவாகத் 'தெய்வமே' என்று கெஞ்சிய அதே வாய், இப்போது பெயர் சொல்லி ஆயுதம் ஏந்திய தெய்வத்தை அழைக்கிறது.

இன்னொன்று கிட்டத்தட்ட எல்லோர் கண்ணுக்கும் தப்பிவிடும். முதல் சரணமும் இரண்டாவதும் 'அந்தக்' என்று முடிகின்றன. வாக்கியம் முடியவில்லை. 'அந்தக்' என்ன? பல்லவிக்குத் திரும்பிப்போனால்தான் வாக்கியம் நிறைவடையும்: அந்தக் கரும்புத் தோட்டத்திலே. எத்தனை சரணம் பாடினாலும் இலக்கணம் நம்மைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்புகிறது. செக்கு மாடு என்ற உவமையைச் சொல்லிவிட்டு, பாடுகிறவரையும் செக்கைச் சுற்ற வைத்திருக்கிறார். நெடுவரிகளிலும் இதே கதைதான். 'மெய்', 'ஒரு', 'வெறும்', 'அங்கோர்' என்று பாதியில் நிற்கும் சொற்களில் வரி முடிந்து, அடுத்த வரிக்குள் கால் வைக்கிறது. உட்கார்ந்து மூச்சு வாங்க வரியின் ஓரத்தில் இடமில்லை.

பாராட்டிக்கொண்டே போகவேண்டும் என்று இல்லை. நல்ல விடையில் ஒரு மாற்றுக்கருத்தும் இருக்கவேண்டும். எனக்கு இந்தப் பாட்டில் ஒரு மனக்குறை உண்டு. அதில் பெண்கள் அழுகிறார்கள், புழுங்குகிறார்கள், மடிகிறார்கள். எதிர்க்கிற ஒருத்தியைக் காணோம். ஆற்றில் குதித்துத் தப்பிய குந்தி மாதிரி ஒருத்தி நடந்த வரலாற்றில் இருந்தாள், பாட்டுக்குள் இல்லை. கொடுமையின் உச்சமாகக் கற்பை வைத்ததும் அந்தக் காலத்து ஒப்பந்தக் கூலி எதிர்ப்பு இயக்கத்தின் பேச்சு முறைதான். கூலி, வேலையளவு எல்லாம் பின்னுக்குப் போய்விட்டன. நாடு கொதித்து எழ அந்தப் பேச்சு உதவியது என்பதும் உண்மை. ஒப்பந்தக் கூலி ஏற்றுமதி நின்று, பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் 1920 ஜனவரி 1-ஆம் தேதி ரத்தாயின. இரண்டையும் எழுதுங்கள். பாரதியைக் குறை சொன்னால் மதிப்பெண் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். பாட்டிலிருந்து வரியைக் காட்டிச் சொன்னால் யாரும் குறைக்க முடியாது.

எழுதும்போது தலைப்புகளை விட்டுவிடுங்கள். 'எதுகை நயம்', 'மோனை நயம்', 'சந்த நயம்' என்று பிரித்த நிமிஷமே மூன்றும் தனித்தனியாகச் செத்துப்போகும். ஒரு வரியை எடுத்து, அதில் மூன்றும் சேர்ந்து என்ன செய்கின்றன என்று எழுதுங்கள். உதாரணமாக ஒரு பத்தி இப்படி இருக்கலாம்:

'மூன்றாம் சரணத்தில் "விம்மி" என்ற ஈரசைச் சொல் நான்கு முறை அடுக்கி வருகிறது. பாடல் மும்மை நடையில் செல்வதால் இச்சொல் தாளத்தோடு பொருந்தாமல் தடுமாறுகிறது. அத்தடுமாற்றம் அழுபவரின் மூச்சுத் திணறலைக் காதுக்குக் கொண்டுவருகிறது. மேலே உள்ள "வீட்டை" என்ற சொல்லோடு "விம்மி" மோனையால் இணைவதால், விம்மலுக்குக் காரணம் வீட்டு நினைவு என்பது சொல்லாமலே விளங்குகிறது. இதே சொல் சரணத்தின் இறுதியில் "விம்மி யழவுந் திறங்கெட்டுப் போயினர்" என்று ஒரே ஒரு முறை வருகிறது. நான்கு முறை விம்மியவர்களுக்கு இப்போது ஒரு முறை விம்மவும் வலு இல்லை.'

இதில் எதுவும் மனப்பாடம் செய்தது இல்லை. எல்லாம் அந்த எட்டு வரிக்குள்ளேயே இருக்கிறது, நீங்கள் தட்டிப் பார்த்து எண்ணினால் கிடைப்பது.

உங்களுக்குக் கொடுத்த கவிதை எதுகை, மோனை எதுவும் இல்லாத புதுக்கவிதையாக இருந்தால் 'இதில் யாப்பு இல்லை' என்று தள்ளிவிடாதீர்கள். வரி எங்கே உடைகிறது, எந்தச் சொல் தனி வரியில் நிற்கிறது, எது திரும்ப வருகிறது, வாக்கியம் எங்கே நீண்டு எங்கே வெட்டுப்படுகிறது என்று பாருங்கள். 'தனிக் / காட்டினில்' என்று பாரதி 'தனி'யைத் தனியே நிறுத்தியதும் அந்த வேலைதான். ஆனால் எந்தக் கவிதை ஆனாலும் முதல் தடவை வாய்விட்டுப் படியுங்கள், இரண்டாம் தடவை தொடையில் தட்டிப் படியுங்கள், பென்சிலை மூன்றாம் தடவைக்கு எடுங்கள். இந்தப் பாட்டைத் தட்டும்போது வீட்டில் யாராவது என்ன சத்தம் என்று கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.